முதுகில் ஊசி போட்ட பிறகு: கால் எப்போது வந்தது என்று எழுதி வையுங்கள்

“சிஸ்டர், அப்பாவுக்கு இன்னும் கால் வரல, பாத்துக்கிடுங்க.”

ராத்திரி 8 மணி இருக்கும். டியூட்டி மாறி அப்போதுதான் வார்டுக்குள் வந்திருந்தேன். பெரியவர் ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் எஸ்டேட்டில் ரப்பர் வெட்டியவர். குடலிறக்கத்துக்காக அன்று காலை 11 மணிக்கு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் முடிந்திருந்தது. மகள் கால்மாட்டில் நின்று அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். “விட்டிரும்மா. வயசான உடம்பு, நேரமாகும். காலைல சரியாயிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்: “மத்தியானம் அசைச்சாவ சிஸ்டர். இப்பதான் அசைக்க முடியல.” அதை நான் காதில் வாங்கவில்லை.

மத்தியானம் அசைந்த கால் ராத்திரி அசையவில்லை என்றால், மருந்து இன்னும் விடவில்லை என்று அர்த்தமில்லை. விட்ட பிறகு வேறு எதுவோ நடந்திருக்கிறது. அவருக்கு முதுகெலும்புக் கூட்டுக்குள் ரத்தம் கட்டி நரம்புகளை நெரித்துக்கொண்டிருந்தது. காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்து, அனுப்பி, எம்.ஆர்.ஐ. எடுத்து, ரத்தக்கட்டியை எடுப்பதற்குள் அரை நாளுக்கு மேல் ஓடிவிட்டது. பிற்பாடு கம்பு ஊன்றி நடந்தார். மூத்திர டியூப் மட்டும் கடைசி வரை அவரோடேயே இருந்தது.

தியேட்டரிலும் வார்டிலும் 29 வருஷம் வேலை பார்த்தேன். பாதிக் காலம் மலைக்கு இந்தப் பக்கம், மீதி கேரளத்தில் புனலூர்ப் பக்கம். இப்போது செங்கோட்டையில் இருக்கிறேன். தெருவில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் முதல் நாள் சாயங்காலம் நடையில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்த மகளுக்கு நான் பட்ட கடன் இது.

முதலில் பயத்தைக் குறைத்துவிடுகிறேன். முதுகில் ஊசி என்பது நன்றாகத் தேறிய முறை. பிரிட்டனில் மயக்கவியல் டாக்டர்களின் ராயல் காலேஜ் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 2009இல் வெளியிட்டது. ஸ்பைனல், எபிடியூரல் என்று முதுகில் போடும் மரப்பு ஊசி வகை எல்லாம் சேர்த்து 7 லட்சத்துக்கு மேற்பட்ட ஊசிகள். நிரந்தரமாக நரம்பு பாதித்தவர்கள், சந்தேகமான கேஸையும் சேர்த்து எண்ணினால் 1 லட்சத்துக்கு 4 பேர். உறுதியானதை மட்டும் எண்ணினால் 2 பேர். எங்கள் செங்கோட்டை மாதிரி நாலு ஊர் ஜனம் முழுவதற்கும் ஊசி போட்டால் இரண்டு பேருக்கோ நான்கு பேருக்கோ வரலாம், அவ்வளவுதான். முதலில் மோசம் என்று நினைத்த கேஸிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் முழுசாகத் தேறிவிட்டார்கள். ஆகவே ஊசி வேண்டாம் என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். முழு மயக்கத்துக்கும் அதற்கென்று ஆபத்து உண்டு.

வருஷக்கணக்கான இடுப்பு வலிக்கு “சிசேரியன்ல முதுகுல போட்ட ஊசிதான் காரணம்” என்று நம் ஊரில் பாதிப் பெண்கள் சொல்வார்கள். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும், அது உண்மை. வருஷக்கணக்கான வலிக்கு ஊசி காரணம் என்று ஆய்வுகளில் நிரூபணம் ஆகவில்லை. பிள்ளையைத் தூக்குவது, குனிந்து பால் கொடுப்பது, தளர்ந்த வயிறு, இவற்றைப் பாருங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால்

அந்தப் பெரியவர் வீட்டில் டாக்டர் கேட்டது, “சுகர், பிரஷர் மாத்திரை உண்டா?” இல்லை என்றார்கள். பொய் இல்லை. நெஞ்சு வலிக்காகக் கொல்லத்தில் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒன்றை அவர் தினம் போட்டுக்கொண்டிருந்தார். அது சுகருக்கும் இல்லை, பிரஷருக்கும் இல்லை என்பதால் யாரும் சொல்லவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற குளோபிடோக்ரல் அது.

எனவே, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோய் மயக்க மருந்து டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். நாட்டு மருந்து, கேரளத்துக் கஷாயம் இருந்தால் அதையும். குளோபிடோக்ரல், வார்ஃபரின், அசிட்ரோம், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பாரின் வகை ஊசி, இவை எல்லாம் அவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியவை. ஒவ்வொன்றையும் இத்தனை மணி, இத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. குளோபிடோக்ரல் என்றால் 5 முதல் 7 நாள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பெரும்பாலும் தடையில்லை. நீங்களாக எதையும் நிறுத்தவும் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் சொல்லாமல் நிறுத்தினால் நெஞ்சில் அடைத்துக்கொள்ளும்.

அதோடு இதையும் சொல்லுங்கள்: சுகரால் பாதம் ஏற்கெனவே மதமதப்பாக இருக்கிறது, டிஸ்க் விலகி ஒரு காலில் இழுக்கிறது, முதுகெலும்புக் குழாய் சுருங்கியிருப்பதாக ஸ்கேனில் வந்தது, முதுகில் கட்டி அல்லது சீழ்ப்புண் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது. பழைய மதமதப்பு எந்தக் காலில், எந்த இடத்தில் என்று கேஸ் ஷீட்டில் முன்பே ஏறிவிட்டால், பின்னால் புதிது எது பழையது எது என்று குழம்ப வேண்டியதில்லை.

ஊசி போடும்போது

பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் எலும்போடு முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்புகள் தனித்தனி நூலாகத் தண்டுவட நீரில் தொங்கும். ஊசி போடுவது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில், இல்லாவிட்டால் அதற்கும் கீழே. நூல்களுக்கு நடுவே மெல்லிய ஊசி போகும்போது அவை பெரும்பாலும் விலகிக்கொள்ளும். எப்போதாவது ஒன்றைத் தொட்டுவிட்டால் ஒரு காலில் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்று இழுக்கும். அப்போது துள்ளாதீர்கள், ஆனால் வாயை மூடிக்கொண்டும் இருக்காதீர்கள். “வலது கால் ஷாக்” என்று உடனே சொல்லுங்கள். டாக்டர் நிறுத்தி, ஊசியைப் பின்னால் இழுத்துத் திசை மாற்றுவார். வலி இருக்கும்போது மருந்தைச் செலுத்தக் கூடாது என்பது அவர்களுடைய அடிப்படைப் பாடம், ஆனால் வலி இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

புனலூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது இதில் ஒரு கஷ்டம் கண்டேன். நம்மூர்ப் பெண்கள் மலையாளம் வராது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் அவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிடித்த கைக்குள் தோள் விறைப்பது தெரியும், வாயிலிருந்து சத்தம் வராது. “இடத்தே கால்”, “வலத்தே கால்”, மதமதப்புக்கு “மரவிப்பு”. இந்த மூன்று சொல் போதும். அதுவும் வராவிட்டால் தமிழிலேயே சத்தமாகச் சொல்லுங்கள், அங்கே எல்லாருக்கும் புரியும். ஷாக் அடித்தது எந்தக் காலில் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

தியேட்டரில் இருக்கும் தங்கைமாருக்கு ஒரு வார்த்தை. ரத்தப்போக்கை நிறுத்துகிற டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பூலை ஸ்பைனல் மருந்தின் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். தவறி முதுகில் போய்ச் சேர்ந்தால் வலிப்பு வந்து உயிரே போகும். இதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2022இல் தனி எச்சரிக்கை விட்டது. முதுகைத் துடைக்கிற குளோர்ஹெக்சிடின் முழுதும் காய்ந்த பிறகுதான் ஊசி. அந்தக் கிண்ணம் மருந்துத் தட்டுக்கு வரக் கூடாது.

ஊசிக்குப் பிறகு வரும் மணிநேரங்கள்

இதுதான் முக்கியம், கட்டிலருகே இருக்கிறவர் செய்ய வேண்டியது. மருந்துக் கடை பில்லின் பின்பக்கம் போதும், ஒரு பேனாவும் செல்போன் மணியும் வேண்டும். மேலே முதலில் எழுதுங்கள்: ஊசி போட்ட நேரம். தெரியாவிட்டால் சிஸ்டரிடம் கேளுங்கள், ஷீட்டில் இருக்கும்.

வழக்கமாக மரப்பு 2, 3 மணி நேரத்தில் விட ஆரம்பிக்கும். முதலில் கால் விரல் அசையும், அப்புறம் முட்டி மடங்கும், கடைசியில் முழுக் காலையும் தூக்கலாம். உணர்ச்சி வயிற்றிலிருந்து கீழே இறங்கி வரும். உட்காரும் இடம் கடைசியில் விடும். ஒவ்வொரு மணிக்கும் நான்கு விஷயம் பாருங்கள், இரண்டு காலுக்கும் தனித்தனியாக.

முட்டியை மடக்காமல் குதிகாலைப் படுக்கையை விட்டுத் தூக்கச் சொல்லுங்கள். வெறுமனே அசைத்தால் போதாது, குதிகாலுக்கும் விரிப்புக்கும் நடுவில் உங்கள் கை நுழைய வேண்டும். அடுத்து, பெருவிரலைத் தன் மூக்கைப் பார்த்து இழுக்கச் சொல்லி, அதை உங்கள் இரண்டு விரலால் எதிர்த்து அமுக்கிப் பாருங்கள். மூன்றாவது, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய எவர்சில்வர் டம்ளரை முதலில் கையில் வைத்து, பிறகு தொடை, கெண்டைக்கால், பாதம் என்று வையுங்கள். கையில் தெரிந்த அதே குளிர்ச்சி காலிலும் தெரிகிறதா? “ஏதோ தொடுற மாதிரி இருக்கு” என்றால் இன்னும் விடவில்லை என்று எழுதுங்கள். நான்காவது, முதுகு வலி, மூத்திரம்.

அந்தத் தாள் இப்படி இருந்தால் நிம்மதி: 11 மணி ஊசி. 1 மணி, விரல் அசைந்தது. 2 மணி, இரண்டு முட்டியும் மடங்கியது. 3 மணி, இரண்டு குதிகாலும் தூக்கினார், டம்ளர் ஜில்லென்று இருக்கிறது என்றார்.

4 மணி நேரம் ஆகியும் குதிகாலைத் தூக்க முடியவில்லை என்றால், தூங்கப் போகாதீர்கள், டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள். இது நானாக வைத்த கெடு இல்லை. பிரசவ வார்டுகளுக்கென்று பிரிட்டனில் மயக்க மருந்து டாக்டர்களின் சங்கங்கள் 2020இல் வகுத்த விதி: கடைசி மருந்து போட்டு 4 மணி நேரத்தில் நேராகக் கால் தூக்க முடியாவிட்டால் மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிய வேண்டும். சில மருந்துச் சேர்க்கையில் மரப்பு கூடுதல் நேரம் நிற்கலாம்தான், அதை அவர் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

நேரக் கணக்கே பார்க்காமல் அந்த நிமிஷமே கூப்பிட வேண்டிய விஷயங்களும் உண்டு. விட்ட கால் மறுபடி பலமிழந்தால். ஒரு கால் வந்து மற்றது வராமலே இருந்தால். முதுகில் நெரிக்கிற மாதிரி வலி புதிதாகக் கிளம்பி ஏறிக்கொண்டே போனால். ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சியே இல்லை என்றால். மூத்திரம் நிறைந்தும் போக வரவில்லை, அல்லது தெரியாமல் ஒழுகுகிறது என்றால். மூத்திர டியூப் போட்டிருக்கும்வரை இந்தக் கடைசி அறிகுறி மறைந்தே இருக்கும். டியூப் எடுத்த பிறகு முதல் தடவை எப்போது போனார், போனது தெரிந்ததா என்று எழுதுங்கள். பெண்கள் கூச்சப்பட்டு இதைச் சொல்லவே மாட்டார்கள், நீங்கள் கேளுங்கள்.

எப்படிச் சொல்வது என்பதும் முக்கியம். “கால் ஒரு மாதிரி இருக்கு” என்றால் என்னைப் போன்ற அசந்த சிஸ்டர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். தாளை நீட்டி, “11 மணிக்கு ஊசி, 3 மணிக்குக் கால் தூக்கினார், 8 மணிக்கு முடியல, முதுகு வலிக்குது, டாக்டர் இப்போ பார்க்கணும்” என்று சொல்லுங்கள். யாரும் தள்ளிவிட முடியாது. அப்படியும் தள்ளினால் மேலே இருக்கிறவரைக் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் போதும், ஆனால் விடாமல் கேளுங்கள்.

ஏன் இத்தனை அவசரம்? ரத்தக்கட்டி நெரிப்பதைப் பற்றி 1994இல் ஒரு தொகுப்பு ஆய்வு வந்தது. பலம் இழந்து 8 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் கால் நல்லபடியாகத் திரும்பியது. இங்கிருந்து திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு 60 கி.மீ. சொச்சம், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கு மலை இறங்கி 100 கி.மீ.க்கு மேல். ராத்திரி லாரி வரிசை நின்றால் மலையடிவாரத்துப் புளியரையிலேயே நேரம் போகும். அந்த 8 மணி நேரத்தில் பயணமும் அடக்கம். ஆகவே, “எம்.ஆர்.ஐ. இப்போது ஓடுகிறதா, நியூரோ சர்ஜன் இருக்கிறாரா” என்று இங்கிருக்கும் டாக்டரையே போனில் கேட்கச் சொல்லி, ஆமாம் என்ற இடத்துக்கு நேராகப் போங்கள். ஊசிச் சீட்டு, மாத்திரைக் கவர், உங்கள் தாள், மூன்றும் கையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கிறது, படுத்தால் விடுகிறது என்றால் ஊசி போட்ட துளையில் தண்டுவட நீர் கசிகிறது என்று அர்த்தம். 1898இல் இந்த முறையைத் தொடங்கிய ஜெர்மன் டாக்டர் அகஸ்ட் பியர் தன் மேலேயே சோதித்துப் பார்த்துவிட்டு, இதே தலைவலியோடு பல நாள் படுத்துக் கிடந்தார். தண்ணீர், காப்பி, பாராசிட்டமால், ஓய்வு. பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால், ஊசி போட்ட இடத்தில் உங்கள் ரத்தத்தையே கொஞ்சம் செலுத்தி ஓட்டையை அடைப்பார்கள். தலைவலியோடு ஒன்று இரண்டாகத் தெரிந்தால் அது கண்ணைத் திருப்பும் ஆறாவது நரம்பின் கோளாறு. அபூர்வம், சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும், ஆனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். படுத்தாலும் விடாத தலைவலி, காய்ச்சல், கழுத்து விறைப்பு என்றால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். சில நாளோ சில வாரமோ கழித்துக் காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்து ஏறினால் உள்ளே சீழ். சுகர் உள்ளவர்கள் இதில் கூடுதல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மறுநாள் இரண்டு பிட்டத்திலும் தொடைப் பின்பக்கத்திலும் உளைச்சல் எடுத்து, ஆனால் பலமும் உணர்ச்சியும் சரியாக இருந்தால் பயம் வேண்டாம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்து போட்டபோது இது அதிகம் வந்தது.

பிரசவமானவர்களுக்கு வேறு கதை. என் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் மனைவிக்கு, நெடுநேரம் முக்கியும் பிள்ளை இறங்காமல் கடைசியில் ஊசி போட்டு சிசேரியன். மூன்றாம் நாள் பாத்ரூமுக்குப் போகையில் வலது கால் ஹவாய்ச் செருப்பு நழுவி நழுவி விழுந்தது. பாதத்தை மேலே இழுக்க முடியவில்லை. ஊசியைத்தான் எல்லாரும் திட்டினார்கள். முதுகு வலி இல்லை, மூத்திரம் சரி, ஒரே கால், ஒரே பட்டை மதமதப்பு. டாக்டர் பார்த்துவிட்டு, பிள்ளையின் தலை இடுப்புக் கூட்டில் நரம்பை அழுத்தியது என்றார். சிகாகோவில் பெற்ற தாய்மார் 6,000 பேருக்கு மேல் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில், 100இல் ஒருவருக்குக் கிட்ட இப்படி ஏதாவது நரம்புக் கோளாறு இருந்தது. முதல் பிரசவமும், நெடுநேரம் முக்குவதும்தான் முக்கியக் காரணம். தொடை வெளிப்பக்கம் மட்டும் மரத்திருப்பதும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் எது என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டார் இல்லை.

ரப்பர் வெட்டுகிறவர்களுக்கு நரம்பைப் பற்றி இப்படிச் சொல்வேன். பட்டை மட்டும் சீவுப்பட்டால் புதுப் பட்டை வரும். நரம்பின் மேலுறை மட்டும் நசுங்கியிருந்தால் சில வாரத்தில், சில மாதத்தில் திரும்பும். உள்ளே இருக்கும் இழையே அறுந்தால், ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் கணக்கில் அது வளர்ந்து வர வேண்டும். முட்டியிலிருந்து பாதத்துக்கு என்றால் ஒரு வருஷத்துக்குக் கிட்ட ஆகிவிடும். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்டில் முழுப் படம் 3 வாரம் கழித்துத்தான் தெரியும். முதல் வாரம் எடுத்து “நார்மல்” என்று வந்ததும் விட்டுவிடாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில் பாதம் தொங்கியபடி விறைத்துவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் கொடுக்கும் பாதப் பட்டையைப் போட்டு, தினம் மூன்று வேளை பாதத்தைக் கையால் மேலே மடக்கிப் பிடியுங்கள். எரிச்சல் வலிக்கு கபாபென்டின், பிரிகாபலின் மாதிரி மருந்து தருவார்கள். வழக்கமான வலி மாத்திரை அதற்குக் கேட்காது. பி12 குறைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முரட்டுத் தடவலும் சூட்டு ஒத்தடமும் வேண்டாம்.

பெற்றவளுக்கு இலை போட்டுக் கொதிக்கவைத்து வேது வெந்நீர் ஊற்றும் வழக்கம் மலைக்கு இரண்டு பக்கமும் உண்டு. மரத்த காலுக்குச் சூடு தெரியாது. அந்த ஆட்டோக்காரர் மனைவிக்கு மாமியார் ஊற்றிய முதல் செம்பிலேயே தோல் கொப்பளித்தது, அவளுக்கு வலிக்கவே இல்லை, பார்த்துப் பதறியது மாமியார்தான். அதற்குப் பிறகு தண்ணீரை முதலில் மாமியார் தன் முழங்கையில் ஊற்றிப் பார்த்தார், அப்புறம் மருமகளின் நல்ல காலில், கடைசியில்தான் மரத்த காலில். பின்பக்கம் வார் வைத்த செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நான்காம் மாதம் பழைய ஹவாய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு, அது நழுவாமல், என் வீட்டுப் படி ஏறி வந்தாள்.